பழைய 486 வாங்கும்போது முதலில் "ஆன் பண்ணிக் காட்டுங்க" என்று சொல்லாதீர்கள்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில் பழைய சிஸ்டம் விற்கும் கடையில் ஒரு 486 டெஸ்க்டாப் கிடக்கிறது, அதாவது தொண்ணூறுகளில் ஓடிய 486 வகை பிராசஸர் போட்டது. அதில் 66 மெகாஹெர்ட்ஸ் வேக டிஎக்ஸ்2-66 என்கிறார்கள். 14 அங்குல டியூப் மானிட்டரும் கீபோர்டும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய். கடைக்காரர் "ரன்னிங் கண்டிஷன்" என்று அடித்துச் சொல்கிறார். உங்களுக்கு விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து விளையாட்டுகள் ஆட வேண்டும். அப்பா ஜாப் டைப்பிங் செய்த காலத்து வேர்டுஸ்டார் (அந்தக் காலத்து டைப்பிங் மென்பொருள்) பிளாப்பிகளையும் திறந்து பார்க்க வேண்டும். எதையெல்லாம் பார்த்து வாங்குவது?

வாங்கலாம். ஆனால் கடை வாசலில் நின்றதும் எல்லாரும் சொல்கிற அந்த முதல் வாக்கியத்தை நீங்கள் சொல்லாதீர்கள். "ஒரு தடவை ஆன் பண்ணிக் காட்டுங்க" என்றால் கடைக்காரர் சந்தோஷமாகக் காட்டிவிடுவார். முப்பது வருடம் ஆன மெஷின், பத்துப் பதினைந்து வருடமாக மூலையில் கிடந்த மெஷின், அதுவரை உயிரோடு இருந்திருந்தால்கூட அந்த ஒரு நிமிடத்தில் போய்விடலாம். சோதித்துப் பார்க்கும்போது செத்துப்போன கம்ப்யூட்டர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதில் ஒன்று என்னுடையது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பேச்சு இப்படிப் போகட்டும்:

"அண்ணே, மூடியைக் கழட்டி உள்ள பாக்கலாமா?"

"எதுக்கு தம்பி? ஓடுது. ஆன் பண்ணிக் காட்டட்டுமா?"

"வேணாம்ணே. முதல்ல உள்ள பாத்துக்கிறேன், அப்புறம் ஆன் பண்ணலாம்."

ஒரு ஸ்டார் ஸ்குரூ டிரைவர், கைபேசி டார்ச், ஒரு சின்ன மல்டிமீட்டர், உங்களுடைய ஒரு கீபோர்டு. இவ்வளவு போதும். அந்தக் காலத்து கேபினெட்டில் பின்பக்கம் ஐந்தாறு ஸ்குரூ இருக்கும், எடுத்தால் மூடி மொத்தமாகக் கழன்று வரும். விளிம்புகள் பிளேடு மாதிரி இருக்கும், விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடியைத் திறந்ததும் ராம் எவ்வளவு, என்ன கார்டு என்று தேடப் போகாதீர்கள். கீபோர்டு சொருகும் வட்டமான ஐந்து பின் சாக்கெட் இருக்கிறதே, மதர்போர்டில் அதன் பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான 486 போர்டுகளில் அங்கேதான் ஒரு குட்டிப் பீப்பாய் பற்றவைக்கப்பட்டிருக்கும். நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும், மேலே 3.6 வோல்ட் என்று போட்டிருக்கும். நிக்கல்-காட்மியம் பேட்டரி. தேதி, நேரம், ஹார்டு டிஸ்க் விவரம் இவற்றை கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக்கொள்வது இதன் தயவில்தான். மெஷின் ஓடும்போதெல்லாம் சார்ஜ் ஏறும். ஓடாமல் வருடக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் திரவம் ஓரத்தில் கசிய ஆரம்பிக்கும்.

பழைய கம்ப்யூட்டர்களைக் கொல்வதில் இதற்கு இணை வேறெதுவும் இல்லை. கடைகளில் "ஆசிட் கசிஞ்சிருக்கு" என்பார்கள். உண்மையில் அது அமிலம் இல்லை, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். மேலே வழிந்ததைத் துடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க முடியாது. போர்டின் மேல் பூசிய பச்சை வார்னிஷுக்கு அடியில் செம்புக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு திரி எண்ணெயை இழுப்பது போல ஊறிக்கொண்டே போகும். போகிற வழியில் செம்பைத் தின்னும். தேய்க்காத செம்புக் குடத்தில் களிம்பு ஏறியிருக்குமே, அதே நிறத்தில் பொங்கி நிற்கும்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பேட்டரியின் இரண்டு கால்களில் மட்டும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? பயமில்லை. பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பட்ஸால் துடைத்து, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுக் கழுவினால் போதும். (காரத்தை அமிலம் முறிக்கும், களிம்பையும் எடுக்கும். குடத்துக்குப் புளி போடுகிற அதே கணக்கு. அதற்காகப் போர்டில் புளியைத் தேய்த்து வைக்காதீர்கள்.) சுற்றி ஒன்றிரண்டு அங்குலத்துக்குப் பற்றவைப்பெல்லாம் பளபளப்புப் போய்ச் சாம்பலாகி, கோடுகள் கருத்திருந்தால் அது இரண்டாம் கட்டம். சால்டரிங் கை வந்தவருக்கு அது ஒரு வார இறுதி வேலை, வராதவர் தொடக்கூடாது. கார்டு சொருகும் ஸ்லாட்டுகளுக்கு உள்ளேயே பச்சைப் பொடி தெரிகிறது, கீபோர்டு கன்ட்ரோலர் சில்லின் கால்கள் துருப்பிடித்து மெலிந்துவிட்டன என்றால் ஏழாயிரம் இல்லை, எழுநூறு சொன்னாலும் போர்டுக்காக வாங்காதீர்கள்.

இதில் ஒரு தந்திரம் உண்டு. விவரம் தெரிந்த விற்பனையாளர் பேட்டரியை முன்பே வெட்டி எடுத்துவிட்டு இடத்தைத் துடைத்து வைத்திருப்பார். அதில் தவறில்லை, நல்ல காரியம்தான். ஆனால் எப்போது வெட்டினார் என்பதுதான் கேள்வி. பேட்டரி இருந்த இடத்தில் பச்சை வார்னிஷ் குமிழ் விட்டிருந்தாலோ, திட்டாக நிறம் மாறியிருந்தாலோ, கசிந்த பிறகுதான் வெட்டியிருக்கிறார்.

எல்லாப் போர்டிலும் பீப்பாய்தான் என்றில்லை. நாணயம் போன்ற சிஆர்2032 செல் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அது கசிவது அபூர்வம். கருப்புச் செங்கல் போல ஒரு சில், மேலே "டல்லாஸ்" என்றும் சில சமயம் ஒரு கடிகாரப் படமும் இருந்தால், பேட்டரி அந்தச் சில்லுக்குள்ளேயே பிசினில் புதைந்திருக்கிறது. அது கசியாது, ஆனால் சுமார் பத்து வருடத்தில் தீர்ந்துவிடும். இன்றைக்கு எல்லாமே தீர்ந்துதான் இருக்கும். மாற்றுச் சில் கிடைக்கும், பக்கவாட்டில் சுரண்டி வெளியே செல் கட்டுகிறவர்களும் உண்டு. விலையைக் குறைக்கக் காரணமாகச் சொல்லலாம், வேண்டாம் என்று விட்டுவர அது காரணம் இல்லை.

சரி, பேட்டரிப் பக்கம் பிழைத்தது. இப்போது எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி.

பின்பக்கம் சிவப்பாக ஒரு சின்ன ஸ்லைடு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் அமெரிக்க மின்சாரத்துக்கான 115 வோல்ட், மறுபக்கம் நம் ஊர் 230. நான் சொன்ன என் கதை இதுதான். உறவினர் ஒருவர் அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்த மெஷின், வருடக்கணக்கில் பரணில் கிடந்தது. ஆசையாக இறக்கி, துடைத்து, பிளக்கைச் சொருகி, ஸ்விட்சைப் போட்டேன். அரை வினாடி. தீபாவளி வெடிச் சத்தம், மீன் கருகிய மாதிரி நாற்றம், வீட்டில் ஃபியூஸ் போய் இருட்டு. சுவிட்ச் 115-இல் இருந்தது, நான் பார்க்கவே இல்லை. அம்மா இன்றைக்கும் என் அறையில் ஏதாவது கருகும் வாசனை வந்தால் "அமெரிக்கா கம்ப்யூட்டரா?" என்றுதான் கேட்பார்.

486 காலத்து ஏடி வகை எஸ்எம்பிஎஸ் இன்றைய ஏடிஎக்ஸ் போல இல்லை. ஏடிஎக்ஸ் 1995-இல்தான் வந்தது. ஏடியில் முன்பக்க பவர் சுவிட்ச்சுக்கே 230 வோல்ட் நேராக வருகிறது. அதன் பின்னால் இருக்கும் நான்கு முனைகளின் பிளாஸ்டிக் உறை வெடித்திருந்தால் மூடியில்லாமல் ஆன் செய்யவே வேண்டாம். இன்னொன்று, மதர்போர்டுக்குப் போகும் மின்சாரம் ஒரே இணைப்பாக இல்லாமல் பி8, பி9 என்று இரண்டு துண்டாக வரும். இரண்டையும் மாற்றிச் சொருகினாலும் உட்கார்ந்துவிடும், போர்டு எரிந்துவிடும். கறுப்பு ஒயர்கள் நான்கும் நடுவில் சேர்ந்து வர வேண்டும். யாராவது கழற்றி மாட்டியிருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

கடைக்காரர் இடம் கொடுத்தால், பி8, பி9 இரண்டையும் பிடுங்கிவிட்டு, வேண்டாத ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கை மட்டும் எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டி ஆன் செய்யச் சொல்லுங்கள். இந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்கள் ஏதாவது ஒரு சுமை இல்லாமல் ஒழுங்காக ஓடாது, அதற்குத்தான் டிஸ்க். சிவப்பு ஒயரில் 5 வோல்ட், மஞ்சளில் 12 வோல்ட் பக்கத்தில் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். சிவப்பில் ஐந்தேகாலுக்கு மேல் காட்டினால் அதை மதர்போர்டில் மாட்ட நான் சம்மதிக்க மாட்டேன். கேபினெட்டைத் தொட்டால் கை சுரீர் என்கிறதா? பெரும்பாலும் கடை பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். மெஷின் குற்றம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், ஆனால் உங்கள் வீட்டில் எர்த் இருக்கிற மூன்று பின் பாயின்ட்டில்தான் அதை வையுங்கள்.

போர்டில் அங்கங்கே மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ நீர்த்துளி மாதிரி சின்னச் சின்னக் கெபாசிட்டர்கள் தெரிந்தால் அவை டான்டலம். நீண்ட நாள் கழித்து மின்சாரம் பாயும்போது இவற்றில் ஒன்று பட்டென்று வெடிப்பது சகஜம். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெடித்தாலும் பெரும்பாலும் அதை மட்டும் மாற்றினால் போதும், அதனால் கலங்க வேண்டாம். முதல் தடவை ஆன் செய்யும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகாமல் இருந்தால் சரி. உச்சி உப்பிய கெபாசிட்டர் நோய் வேறு கதை. அது 1999 முதல் 2007 வரையிலான காலத்துப் போர்டுகளைத்தான் அதிகம் பிடித்தது. கடைக்காரர் "486 எதுக்கு, இந்த பென்டியம் 4 எடுத்துக்க" என்று ஒன்றைத் தள்ளினால், அதில் பிராசஸரைச் சுற்றி நிற்கும் உருளைகளின் தலை தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போதுதான் பிராசஸர். இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிண்டல் இல்லை. அந்தக் காலத்து பீங்கான் பிராசஸர்களில் தங்கப் பூச்சு உண்டு, காயலான் கடைக்காரர்கள் அதை மட்டும் தனியாக எடுத்து எடைக்குப் போட்டுவிடுவார்கள். நல்ல போர்டு, நல்ல கேபினெட், நடுவில் வெறும் சாக்கெட்டோடு பல மெஷின்கள் நிற்பது இதனால்தான்.

இருக்கிறது என்றால், அது டிஎக்ஸ்2-66 தானா? முன்பக்கம் சிவப்பில் "66" என்று எரிகிறதே என்று காட்டுவார்கள். அந்த எண் எதையும் அளந்து காட்டுவதில்லை. பின்னால் இருக்கும் ஜம்பர்களை (பின்களை இணைக்கும் குட்டி மூடிகளை) மாற்றி மாற்றிச் சொருகி எந்த எண்ணை வேண்டுமானாலும் வரவைக்கலாம், 386-க்கு 99 வைத்த குறும்புக்காரர்களும் உண்டு. சில்லின் முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள். டிஎக்ஸ்2 1992-இல் வந்தது. எஸ்எக்ஸ் என்று இருந்தால் உள்ளே கணிதக் கோபிராசஸர் (தசமக் கணக்குகளை வேகமாகப் போடும் பகுதி) கிடையாது. பெரும்பாலான டாஸ் விளையாட்டுகளுக்கு அது பெரிய குறையில்லை, ஆனால் விலை குறைய வேண்டும். சைரிக்ஸ் 486டிஎல்சி என்று இருந்தால் பெயர்தான் 486, உட்காருவது 386 சாக்கெட்டில். இன்டெல் 486-இல் 8 கேபி உள் கேச் (அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டிய தூரத்தில் வைக்கும் சின்ன வேக நினைவகம்) என்றால் இதில் 1 கேபிதான். மேலே ஹீட் சிங்க் ஒட்டியிருந்தால் நெம்பிப் பிடுங்காதீர்கள், பீங்கான் உடையும். ஆன் செய்த பிறகு பயாஸ் (ஆன் ஆனதும் மெஷினைச் சோதித்துத் தொடங்கும் உள் மென்பொருள்) சொல்வதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கேச் என்றதும் ஒரு பழைய மோசடி நினைவுக்கு வருகிறது. 1995 வாக்கில் வந்த சில மலிவு போர்டுகளில் கேச் சில்கள் வெறும் பிளாஸ்டிக் கட்டிகள், உள்ளே ஒன்றும் இல்லை. மேலே "ரைட் பேக்" என்று அச்சடித்திருக்கும். பயாஸும் அதற்கேற்பப் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். வாங்குவதைத் தடுக்கிற விஷயம் இல்லை, பேரம் பேசும்போது கைகொடுக்கும்.

ராம் சிறு பலகைகளாக இருக்கும். 30 பின் என்றால் 486-க்கு நான்கு நான்காகத்தான் போட முடியும், 72 பின் என்றால் ஒன்றே போதும். அவற்றைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகள் இந்த வயதில் அப்பளம் மாதிரி, தொட்டால் உடையும். கடையில் கழற்றிப் பார்க்காதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் இப்போது ஆன் செய்யச் சொல்லலாம். ஆன் செய்வதற்கு முன் ஹார்டு டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சிலிண்டர், ஹெட், செக்டர் என்று மூன்று எண்கள் இருக்கும். பேட்டரி போன மெஷின் தன் டிஸ்க்கை மறந்திருக்கும், பயாஸில் அந்த எண்களை நீங்கள்தான் மறுபடி எழுத வேண்டும். "ஹார்டு டிஸ்க் போயிடுச்சு" என்று கழித்துப்போட்ட எத்தனையோ டிஸ்க்குகள் இந்த மூன்று எண் தெரியாததால் கழிக்கப்பட்டவை.

ஒரு சின்ன பீப், திரையில் ராம் எண்ணிக்கை ஓடுவது, அப்புறம் சிமாஸ் பேட்டரி (தேதியை நினைவில் வைக்கும் அதே பேட்டரி) பற்றி ஒரு புகார். இது நல்ல சகுனம், எஃப்1 அழுத்தித் தொடரலாம். ஒரு நீளமும் இரண்டு குட்டியுமாக பீப் வந்தால் பெரும்பாலும் டிஸ்பிளே கார்டு சரியாக உட்காரவில்லை. நிறுத்தி, எடுத்து, அதன் தங்க விளிம்பை அழிரப்பரால் தேய்த்து மறுபடி சொருகினால் பாதி சமயம் உயிர் வரும். "கீபோர்டு எரர்" வந்தால் நீங்கள் கொண்டுபோன கீபோர்டை மாட்டிப் பாருங்கள். பிஎஸ்2 கீபோர்டுக்குப் பழைய வட்ட சாக்கெட் அடாப்டர் அதே தெருவில் கிடைக்கும். நல்ல கீபோர்டிலும் அதே எரர் என்றால், பேட்டரி கசிந்த மூலைக்குத் திரும்பிப் போங்கள். கண்ணுக்குத் தெரியாமல் அடியில் எங்கோ ஒரு கோடு அறுந்திருக்கிறது.

கூட வரும் கீபோர்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது டிவிஎஸ் கோல்டாக இருந்து, தட்டினால் டிக் டிக் என்று சத்தம் வந்தால் முகத்தில் காட்டிக்கொள்ளாதீர்கள். உள்ளே இருப்பது செர்ரி சுவிட்சுகள். டிடிபி சென்டர்களில் வருடக்கணக்கில் அடி வாங்கியும் சாகாத ஜாதி.

ஹார்டு டிஸ்க் சீரான ரீங்காரத்தோடு சுழன்றால் சரி. உலோகம் உரசுகிற சத்தமோ, டக் டக் என்று ஒரே இடத்தில் தட்டுவதோ கேட்டால் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. இதற்காக ரொம்ப யோசிக்க வேண்டாம். நான் என் மெஷின்களில் டிஸ்க்குக்குப் பதில் காம்பாக்ட் ஃபிளாஷ் மெமரி கார்டை ஐடிஇ (பழைய ஹார்டு டிஸ்க் இணைப்பு) அடாப்டரில் போட்டு ஓட்டுகிறேன், சத்தமும் இல்லை, சூடும் இல்லை. ஒரே நிபந்தனை, அந்தக் காலத்துப் பயாஸ்கள் பலவற்றுக்கு 504 எம்பிக்கு மேல் கண் தெரியாது. 512 எம்பி என்று போட்ட கார்டு பயாஸ் கணக்கில் அந்த 504-க்குள் அடங்கிவிடும், அதை வாங்கிக்கொண்டால் தலைவலி இல்லை, டாஸுக்கு அதுவே கடல்.

மானிட்டரைத்தான் நம்மவர்கள் சும்மா கூட வருகிற சாமான் என்று நினைக்கிறார்கள். இன்று கம்ப்யூட்டரை விட நல்ல டியூப் கிடைப்பதுதான் கஷ்டம். குளிர்ந்த நிலையில் ஆன் செய்து, படம் வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். கால் மணி நேரம் ஓடவிட்டு நான்கு மூலைகளிலும் எழுத்து கூராக இருக்கிறதா, பிரைட்னஸ் முழுதாகக் கூட்டாமலே வெளிச்சம் போதுகிறதா என்று பாருங்கள். அணைத்த திரையைச் சாய்வாகப் பார்த்தால், வருடக்கணக்கில் ஒரே மெனு ஓடிய மானிட்டரில் அது பேய் மாதிரி பதிந்திருக்கும். பின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். கலர் டியூபில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மிச்சம் நிற்கும்.

பக்கத்தில் பழைய பென்டியம் 60, 66, 90 ஏதாவது கிடந்தால், வேடிக்கைக்காக ஒரு கணக்கு. விண்டோஸ் 3.1 கால்குலேட்டரில் 4195835-ஐ 3145727-ஆல் வகுங்கள். 1.3338 என்று வர வேண்டும். 1.3337 என்று வந்தால், 1994-இல் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்து, இன்டெல்லுக்கு 47.5 கோடி டாலர் செலவு வைத்த வகுத்தல் பிழையுள்ள சில் அது. மாற்றிக் கொடுக்கிறோம் என்று இன்டெல் அறிவித்தும் மாற்றாமல் விட்ட சில்கள் இவை. தப்பாக வகுக்கிற இந்தச் சில்லுக்குத்தான் சேகரிப்பவர்களிடம் இன்று மதிப்பு.

விலைக்கு வருவோம். போர்டு சுத்தம், மானிட்டர் நல்ல படம், உள்ளே ஐஎஸ்ஏ வகை (அந்தக் காலத்து ஸ்லாட்டில் உட்காரும்) சவுண்டு பிளாஸ்டர் கார்டும் இருந்தால் நானாக இருந்தால் ஏழாயிரத்துக்கு அதிகம் பேரம் பேசாமல் எடுத்துவிடுவேன். சவுண்டு கார்டு இல்லாவிட்டால் ஐந்துக்குக் கேட்பேன், அந்த கார்டைத் தனியாகத் தேடி அலைவது பெரிய செலவு. பேட்டரி இரண்டாம் கட்டத்துக்குப் போயிருந்தால் மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் மட்டும் விலை பேசுங்கள். வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அந்தப் பீப்பாயை வெட்டி எடுப்பது, அது எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும் சரி. அதே இடத்தில் நாணய செல்லை அப்படியே பற்றவைத்துவிடாதீர்கள். போர்டு அதற்கும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும், அந்த செல் சார்ஜ் தாங்காது. நடுவில் ஒரு டயோடு வேண்டும், அல்லது போர்டில் வெளி பேட்டரிக்கென்று இருக்கும் நான்கு பின் இணைப்பைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக அப்பாவின் பிளாப்பிகள். அவை மூன்றரை அங்குலம் என்றால் இந்த மெஷினுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் ஒன்றை வாங்கி இன்றைக்கே நகல் எடுத்துவிடலாம். ஐந்தேகால் அங்குலம் என்றால்தான் பழைய டிரைவ் தேவை. நம் ஊர் ஈரத்தில் பிளாப்பியின் பழுப்புத் தகட்டில் பூஞ்சை பிடிக்கும். ஷட்டர் இருந்தால் அதை விலக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், புள்ளி புள்ளியாகவோ நூலாம்படை போலவோ தெரிந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் எந்த டிரைவிலும் போடாதீர்கள். அந்த அழுக்கு ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியையும் கீறிவிடும். வேர்டுஸ்டாரின் பழைய பதிப்புகள் பல இடங்களில் சொல்லின் கடைசி எழுத்தில் ஒரு குறியைச் சேர்த்து வைக்கும். அதனால் இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் வாலும் கோணல்மாணலாகத் தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள்.

கடையில் பிளாப்பி டிரைவைச் சோதிக்க, தூக்கிப் போட்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு வெற்றுப் பிளாப்பியைக் கொண்டுபோங்கள். அங்கே ஃபார்மேட் செய்து, ஒரு கோப்பை எழுதி, வேறொரு மெஷினில் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். அப்பாவுடையதை மட்டும் அன்றைக்கு வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.